பட்டுப்பூச்சிக்கு எத்தனை கால்

"எட்டுக்கால் பூச்சி, பூச்சி அல்ல" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஏழாம் வகுப்பு சிரித்தது. பெயரிலேயே பூச்சியை வைத்துக்கொண்டு பூச்சி இல்லை என்று சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? பூச்சிக்கு ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. சிலந்திக்கு எட்டுக் கால், உடம்பு இரண்டு பகுதி. ஆகவே இது தனி வகுப்பு, தேளும் உண்ணியும் இதன் பங்காளிகள் என்று விளக்கினேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அப்ப பேரு தப்பா டீச்சர்?"

"பேரு ஊர் வெச்சது. காலு அதுக்குப் பொறப்புலயே இருக்குது. பேர நம்பாத, கால எண்ணு."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னது நான்தான் என்பதைப் படிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆரணியில் ஒரு நகராட்சி நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கறார் டீச்சர் என்று பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளை அடித்ததில்லை, திட்டுவதும் குறைவு. ஆனால் நோட்டில் ஒரு தப்பை விட்டுவைத்ததும் கிடையாது. பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனா இருக்கும். ஒன்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயம்தான். தப்பின்மேல் சிவப்பில் ஒரு கோடு, பக்கத்தில் சரியான விடை. பிள்ளை அந்தச் சரியான விடையைக் கீழே ஐந்து முறை எழுத வேண்டும். பிழைத்திருத்தம் என்று இதற்குப் பெயர். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் எழுதி வளர்ந்தேன், அதனால் அப்படித்தான் எழுதவைத்தேன். அதைப் பற்றித் தனியாக யோசித்ததில்லை.

சிலந்திப் பாடம் ஒட்டடையில் ஆரம்பித்தது. கல்வி அலுவலர் பார்வையிட வருகிறார் என்று தலைமை ஆசிரியர் பள்ளி முழுக்க ஒட்டடை அடிக்கச் சொன்னார். என் வகுப்பில் மட்டும் பின்பக்க மூலை ஒன்றை விட்டுவிடும்படி கேட்டேன்.

"ஆபீசர் பாத்துட்டு கேட்டா இன்னா டீச்சர் சொல்றது?"

"பாடம்னு சொல்லுங்க சார்."

"ஒட்டடை ஒரு பாடமா?"

"புத்தகத்துல இருக்குது சார். பக்கம் வேணும்னா காட்டறேன்."

அவர் பக்கத்தைப் பார்க்க விரும்பவில்லை. நல்ல மனிதர். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம்தான் இருந்தது. அதுவரைக்கும் வம்பில்லாமல் போகவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. மூலை தப்பியது. அலுவலர் வந்தார், மேலே பார்க்காமலே போய்விட்டார்.

முதல் வாரம் வெறுமனே பார்த்தோம். மூலையில் இருந்தது மெல்லிய நீளக் கால்களுள்ள வீட்டுச் சிலந்தி. வலையில் தலைகீழாகத் தொங்கும். ஊதினால் உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டும். பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி ஊதி ஊதியே அதைப் பேஜார் பண்ணினார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஊதலாம் என்று சட்டம் போட்டேன். அது மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்று வீட்டில் சொன்னார்களாம். கொப்புளம் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். யாரும் தூக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேர் கடைசி வரைக்கும் அந்த மூலைப் பக்கம் உட்காரவில்லை.

இரண்டாவது வாரம் வலை பின்னினோம். கம்பிகளைக் கழற்றிய பழைய சைக்கிள் சக்கர வளையங்கள் நான்கு கிடைத்தன. வகுப்பில் பாதிப் பேர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். கழிவு நூல் ஆளுக்கு ஒரு பை கொண்டுவந்தார்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற நூல்களை முதலில் கட்டவேண்டும், பிறகு அதன்மேல் சுற்றிச் சுற்றிப் போடவேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், முன் பெஞ்சுப் பையன் சொன்னான்: "இது பாவு, அது ஊடை. அவ்ளோதான டீச்சர்?" புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுகிற நூல் ஊடை. சிலந்தி வலைக்கு அந்தப் பெயர்கள் பொருந்துமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பொருந்தும் என்று ஒத்துக்கொண்டேன். நானும் தறிக்கார வீடுதான். என் தம்பி வீட்டில் இப்போதும் இரண்டு தறி ஓடுகிறது.

அந்தப் பையன் கெட்டிக்காரன். தன் வீட்டில் முருங்கை மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டுவதை விடியற்காலையில் எழுந்து பார்த்திருக்கிறான்.

"நெய்ஞ்சத அதுவே தின்னுடுது டீச்சர். தின்னுட்டு மறுபடி மொதல்லேருந்து நெய்யுது. எங்கப்பாகிட்ட சொன்னேன். அத நம்ம தறியில ஒக்கார வெச்சிடாதடான்னாரு."

வளைய வலைகளில் ஊடைக்கு மட்டும் பசை தடவினோம். காகிதத்தில் ஈக்கள் வெட்டி மேலே தூவினோம். ஊடையில் விழுந்தவை ஒட்டிக்கொண்டன, பாவில் விழுந்தவை கீழே உதிர்ந்தன. சிலந்தி தன் வலையில் தானே ஏன் மாட்டிக்கொள்வதில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான்கு பிள்ளைகளை முதுகோடு முதுகு கட்டி எட்டுக் காலில் நடக்கவைக்கும் திட்டமும் ஒன்று இருந்தது. மூன்றாவது அடியில் நான்கு பேரும் விழுந்தார்கள். அதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்து விளையாட்டில்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். ஒரு பிள்ளை நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரும். அதன் எட்டு விரல்களில் எட்டு நூல் கட்டியிருக்கும். சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர் நூலின் மறுமுனையைப் பிடித்திருப்பார்கள். யாராவது ஒருவர் மெதுவாகச் சுண்டவேண்டும். நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும். வலை கட்டும் சிலந்திக்குக் கண் பெரிதாக உதவாது, நூல் அதிர்வதை வைத்துத்தான் இரை விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் பாடம். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று முறை சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு குத்துமதிப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பெண் வாயே திறக்கவில்லை. விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். சொந்த ஊர் சந்தவாசல் பக்கம். அம்மாவுக்கு ஆரணியில் அரிசி ஆலையில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள்; சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போய்வருவார்கள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்கவில்லை என்றால் அவள் வகுப்பில் இருக்கிறாளா என்பதே தெரியாது. வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லா நாளும் இருப்பாள்.

அப்போதுதான் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அறிவிப்பு வந்தது. திருவண்ணாமலையில் நடக்கும். பள்ளிக்கு ஒரு மேசை, இரண்டு பிள்ளைகள். மேசை பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். யாரை அனுப்புவது என்பதற்கு ஒரு வழி வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் எட்டுக்கால் உள்ள ஏதாவது ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பார்த்து, நோட்டில் ஒரு பக்கம் எழுதிப் படம் வரையவேண்டும். நன்றாகப் பார்த்து எழுதிய இரண்டு பேர் போவார்கள். விதி ஒன்றே ஒன்று. அதையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக்கூடாது என்று கட்டம் போட்டேன்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் வந்தவர் அதைப் படித்தார். "கண்ணால காண்றதும் பொய்னு இல்ல டீச்சர் சொல்லுவாங்க?"

"அது தீர விசாரிக்கறவங்களுக்கு சார். இவங்க மொதல்ல பாக்கட்டும்."

வகுப்பு முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் கதவருகே நின்றிருந்தாள். அவளாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"திருவண்ணாமலைக்கு யாரு டீச்சர் போறது?"

"யாரு நல்லா பாத்து எழுதறாங்களோ அவங்க."

"நான் பாத்து எழுதுவேன் டீச்சர்," என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "நான் போனா பேசணுமா?" என்று கேட்டாள்.

"பேசணும். நீ பாத்ததப் பேசினா போதும்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்குப் போகவேண்டும் என்றிருந்தது. கேட்கத் தெரியாத பிள்ளை வந்து கேட்டால் அதற்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. அவள் நன்றாக எழுதவேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து நோட்டுகள் வந்தன. முப்பத்தெட்டு. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. பாதி நோட்டுகளின் ஓரம் நனைந்திருந்தது. வீட்டுச் சிலந்தி பதினாறு பேர். சுவரில் தாவித் தாவி ஈப் பிடிக்கும் சிலந்தி ஒன்பது பேர். ஒரு பையன் மாட்டு உண்ணியைப் பற்றி எழுதி, சாட்சிக்கு ஒரு உண்ணியைத் தீர்ந்துபோன மாத்திரை அட்டையில் அடைத்து நோட்டில் ஒட்டியிருந்தான். ஒருத்தி அப்பாவின் போனில் பார்த்துத் தேளைப் பற்றி எழுதியிருந்தாள். போன் உன் கண் அல்ல என்று சிவப்பில் எழுதினேன். அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அன்றைக்கே திருத்தி முடிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானேதான் முடித்தேன்.

அந்தப் பெண்ணின் நோட்டு கடைசிக்கு முன்னால் வந்தது. தலைப்பு: பட்டுப்பூச்சி. கீழே பக்கம் முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். படம் பென்சிலில், வண்ணம் இல்லாமல், கொழுகொழுவென்று ஒரு உடம்பும் அதைச் சுற்றிக் கால்களும்.

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றத்தில் வந்த கோபம். மூன்று வாரமாகப் பூச்சி வேறு, சிலந்தி வேறு என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவ்வளவுக்கும் பிறகு பட்டுப்பூச்சி. அதுவும் ஆரணியில். படம் வரையும்போது கால் எட்டு என்று வேறு போட்டிருக்கிறாள், எனக்காக. தலைப்பின்மேல் கோடு போட்டேன். படத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு. "தவறு. பட்டுப்பூச்சிக்கு ஆறு கால். சிலந்தி வகை அல்ல. பிழைத்திருத்தம் எழுது" என்று எழுதி, அடுத்த நோட்டை எடுத்தேன்.

முன் பெஞ்சுப் பையனையும், வீட்டுச் சிலந்தி முட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டு திரிவதைப் பார்த்து எழுதிய ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்தேன். இருவரும் தகுதியானவர்கள்தான். பெயரை வகுப்பில் வாசித்தபோது கைதட்டினார்கள். சந்தவாசல் பெண்ணும் தட்டினாள். நோட்டைத் திருப்பி வாங்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தப்பு என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று காலையில் வேலூருக்குக் கிளம்பினேன். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. கண்ணமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பக்கத்தில் உழுது போட்ட செம்மண் நிலம். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளின் குழந்தை நிலத்தில் இறங்கி ஓடியது.

"தே, பாத்துப் போ. பட்டுப்பூச்சிய மிதிச்சிடாத," என்று அவர் கத்தினார்.

நான் இறக்கையுள்ள ஒன்றை எதிர்பார்த்துத் தேடினேன். அந்தக் குழந்தை குந்தி உட்கார்ந்து மண்ணைக் காட்டியது. ஈர மண்ணில், குங்குமத்தைத் துளித் துளியாகச் சிந்தியதுபோல, ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"இதுவாங்க பட்டுப்பூச்சி?" என்று கேட்டேன். வீங்கிய கன்னத்தோடு பேசியது எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"ஆமாங்க. மழ உட்டா வரும். நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?"

"வெல்வெட் பூச்சின்னு."

"அது இங்கிலீஷு," என்று அவர் சிரித்தார். "நாங்க பட்டுப்பூச்சின்னுதாங்க சொல்லுவோம். தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரிதான இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரிதான் இருந்தது.

சின்ன வயதில் நாங்களும் இதைத் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்திருக்கிறோம். ஆனால் எங்கள் தெருவில் யாரும் இதைப் பட்டுப்பூச்சி என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. எங்களுக்குப் பட்டு என்பது உவமை இல்லை, சரக்கு. ஒரு வீட்டில் தறியில் ஏறியிருப்பதும் முற்றத்தில் பாவு ஓடுவதும் பட்டு என்றால், மண்ணில் ஊர்கிற ஒன்றுக்குப் போய் அந்தப் பெயரை யார் வைப்பார்கள்? பட்டுப்பூச்சி என்றால் எங்கள் ஊரில் கூடு கட்டுகிற பூச்சி மட்டும்தான். அந்தப் பூச்சியையும் எங்களில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. நூல் வெளியூரிலிருந்து நூலாகத்தான் வரும். நானே உயிரோடு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், ஒரு பயிற்சி வகுப்பில். வேறு எந்த ஊர் அறிவியல் ஆசிரியராக இருந்தாலும் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கியிருப்பார். ஆரணிக்காரி தயங்கவில்லை.

குந்தி உட்கார்ந்தேன். புடவை ஓரம் சேறாயிற்று. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விட்டேன். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பொறுத்திருந்தேன். பிறகு நடந்தது. ஒரு பக்கம் நாலு. மறுபக்கம் நாலு.

உண்ணிக்குச் சொந்தக்காரன் இது. சிலந்தி வகை. புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன், செந்நிறப் பேன்பூச்சி வகை என்று ஏதோ ஒரு பெயரில். தீப்பெட்டியில் வளர்த்த வெல்வெட் பூச்சியும் அதுவும் ஒன்றுதான் என்று இந்த வயது வரைக்கும் சேர்த்துப் பார்த்ததில்லை. அதன் காலை எண்ணியதும் இல்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் எண்ணியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பல் வலி மறந்துபோயிற்று என்று சொல்லமாட்டேன். அது தன் பாட்டுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. இது தனியாக இருந்தது.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் கூட்டில் ஈர மண்ணை நிரப்பி, இரண்டு பூச்சிகளை விட்டு மூடினேன். அந்தக் கூட்டோடுதான் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு டப்பாவில் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவை செத்துவிடக் கூடாதே என்று நாலைந்து முறை திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எண்ணினேன். எட்டுதான்.

திங்கள்கிழமை காலை பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமை ஆசிரியர் பிடித்துக்கொண்டார்.

"கண்காட்சி லிஸ்ட்ட ஜல்தியா குடுங்க டீச்சர். ஆபீஸ்லேருந்து போன் மேல போன் வந்துகினே இருக்குது."

"ஒரு பேரு சேக்கணும் சார்."

"ரெண்டு பேருதான் டீச்சர்."

"மூணாவது பேர ஒதவிக்குன்னு போடுங்க சார். இல்லன்னா என் பேர எடுத்துடுங்க, பசங்களோட வேற யாராவது போவட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும் டீச்சர், வுடுங்க," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சறுக்கியது ஆனை, நசுங்கியது வேறு யாரோ என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது பெயரை அவரே எழுதிக்கொண்டார்.

கண்காட்சியைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்று பேரும் போனார்கள். வளைய வலையைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. பரிசு வேறு ஒரு பள்ளியின் எரிமலைக்குப் போயிற்று. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு எரிமலைக்குத்தான் போகும். சந்தவாசல் பெண் டப்பாவின் பக்கத்தில் நின்றாள். கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள், கேட்காதவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டியிருப்பது அந்தத் திங்கள்கிழமை முதல் பாடவேளையைப் பற்றி.

வகுப்பில் நின்று நேராகவே சொன்னேன். போன வாரம் திருத்தியதில் ஒரு தப்பு நடந்துவிட்டது, தப்பு என்னுடையது, நோட்டை முழுக்கப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்து அடித்துவிட்டேன், பட்டுப்பூச்சி என்று அவள் எழுதியது மழைக்கு வருகிற சிவப்புப் பூச்சி, அது சிலந்தி வகைதான். டீச்சர் தப்பு செய்ததாக டீச்சரே சொல்லும்போது சிரிப்பதா வேண்டாமா என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரியவில்லை.

"வெல்வெட் பூச்சியா?" என்றான் முன் பெஞ்சுப் பையன். "அத ஏன் அவ பட்டுப்பூச்சின்னா?"

"அவங்க ஊர்ல அதான் பேரு. ஒக்காரு."

அவளிடம் நோட்டைக் கேட்டேன். எழுந்துவந்து கொடுத்தாள். முதல் முறையாக அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். முதல் வரியே, "பட்டுப்பூச்சி செக்கச்செவேலென்று இருக்கும்" என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். பிறகு இப்படிப் போயிற்று: மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் ஊர்க் கொல்லையில் பார்த்தேன். வெயில் ஏறியதும் மண்ணுக்குள்ளே போய்விட்டது. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல இருக்கிறது. நான் நூறு எண்ணினேன், அப்புறம்தான் நடந்தது. முன்னால் இருக்கிற இரண்டு காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் போகிறது. மொத்தம் எட்டுக் கால். மூன்று பூச்சியை எண்ணினேன், மூன்றுக்கும் எட்டு.

வகுப்பில் இருந்த முப்பத்தெட்டு நோட்டில் அதுதான் சிறந்தது. மூன்றை எண்ணியிருக்கிறாள். யாரும் மூன்றை எண்ணச் சொல்லவில்லை.

பக்கத்தின் அடியில் பிழைத்திருத்தம் இருந்தது. பட்டுப்பூச்சிக்கு ஆறு கால். பட்டுப்பூச்சிக்கு ஆறு கால். ஐந்து முறை, கோணாமல், ஒரே அளவில். அதற்குமேல் படம். படத்தில் இப்போது ஆறு கால்தான் இருந்தது. முன்னங்கால் இரண்டையும் ரப்பரால் அழித்திருந்தாள். பென்சிலை அழுத்தி வரைகிற பிள்ளை. கரி போயிருந்தது, காகிதத்தில் பள்ளம் போகவில்லை. விரலால் தடவினால் இரண்டு காலும் தட்டுப்பட்டன.

"ஏம்மா அழிச்ச? நீதான் மூணு பூச்சிய எண்ணினியே."

"நீங்க செவப்புல போட்டுட்டீங்க டீச்சர்."

அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. மழை வந்துவிட்டது, குடை விரித்தேன் என்பதுபோலச் சொன்னாள். கரும்பலகையின் ஓரத்தில் என் விதி கட்டத்துக்குள் அப்படியே இருந்தது, யாரும் அழிக்கவில்லை.

டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தேன். பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன்.

"எண்ணிச் சொல்லு. எத்தினி காலு?"

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"எத்தினி சொல்லணும் டீச்சர்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளையாக மூடிக்கொண்டேன். முன் பெஞ்சுப் பையன் "எட்..." என்று ஆரம்பித்தான், கையைக் காட்டி நிறுத்தினேன். என் முகத்தில் விடை இருக்கிறவரைக்கும் அவள் டப்பாவைப் பார்க்கமாட்டாள் என்று புரிந்தது. ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வெளியே மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பூச்சி காலை மடக்கிக்கொண்டு கிடந்திருக்கும், அவள் காத்திருந்திருப்பாள். பிறகு எனக்குப் பின்னால் குரல் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டு வரைக்கும் போய் நின்றது. திரும்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள். எட்டில் நின்றாள். அப்புறம் டப்பாவில் இருந்த இன்னொரு பூச்சியை எண்ணினாள்.

"எட்டு டீச்சர்," என்றாள்.

நான் திரும்பியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அதைப் பிரித்து, பென்சிலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதை ரப்பர் பக்கத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் பேனா கேட்டாள். அந்த இரண்டு பள்ளத்தின்மேலும் மையால் இரண்டு காலை இழுத்தாள்.